பழைய வீட்டில் ஓதம்: கறையைப் பார்த்துக் காரணத்தைப் பிடிப்பது எப்படி

ஐப்பசி மழை நாலு நாள் விடாமல் பெய்தால் போதும், பழைய வீடுகளில் ஒரே புலம்பல்தான்: "போன வருஷம்தானே பெயிண்ட் அடிச்சோம், மறுபடியும் பொரிஞ்சிடுச்சே!" அடுத்து ஒரு பெயிண்டர் வருவார். சுரண்டுவார், பட்டி பார்ப்பார், 'வாட்டர் ப்ரூஃப்' என்று போட்ட டப்பாவைத் திறப்பார். அடுத்த ஐப்பசியில் அதே இடம், அதே பொரி.

இந்த ஓதத்துக்கு, அதாவது சுவரில் ஊறும் ஈரத்துக்கு, தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் சுவரில் கை வைக்கக் கூடாது. அதைக் கண்டுபிடிப்பது பாதி வேலை; அதற்கு மழைக்காலம்தான் சரி. ரிப்பேர் வேலைக்குச் சரியான காலம் மாசிக்கு மேல். இந்த வரிசையைத் தலைகீழாகச் செய்வதால்தான் பலருக்கு வருஷா வருஷம் செலவு.

இங்கே மனதில் வைத்திருப்பது நம் ஊர்களில் சகஜமாக இருக்கும் வீடு: முன்பகுதி 1930-60 வாக்கில் சுண்ணாம்புக் காரையில் கட்டியது, மேலே தேக்குக் கட்டை மேல் செங்கல் அடுக்கிய மெட்ராஸ் டெரஸ், பின்பகுதியில் எண்பதுகளில் சேர்த்த ஆர்சிசி அறையும் குளியலறையும். மயிலாப்பூர், திருவல்லிக்கேணி, கும்பகோணம் பக்கம் இப்படிப்பட்ட வீடுகளை நிறையப் பார்க்கலாம். இரண்டு பகுதிக்கும் வைத்தியம் வேறு வேறு.

முதலில் உயிர், அப்புறம் சுவர்

சீலிங் தொப்பை போட்டுத் தொங்கினால், அல்லது தட்டினால் பொத்தென்று சத்தம் வந்து மண் உதிர்ந்தால், அந்த அறையில் யாரும் படுக்க வேண்டாம். சவுக்குக் கட்டையோ இரும்பு ஜாக்கியோ முட்டுக் கொடுத்த பிறகுதான் அடியில் நின்று ஆராய்ச்சி. ஃபேன் கொக்கி வழியாகவோ சுவிட்ச் போர்டு வழியாகவோ தண்ணீர் வந்தால் மெயினை அணைத்துவிடுங்கள். ஈரச்சுவரைத் தொட்டால் சுர்ரென்று இருந்தாலும் அதேதான். ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) அடிக்கடி விழுகிறது என்று அதைத் தவிர்த்து நேராக இணைப்புக் கொடுக்கும் எலக்ட்ரீஷியனை அன்றோடு அனுப்பிவிடலாம். 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கே அது விழுவது உங்களைக் காப்பாற்றத்தான்.

எப்போது நனைகிறது?

எந்த இடம் என்பதைவிட எந்த நேரம் என்பதுதான் அதிகம் சொல்லும். ஈரத்தின் ஓரத்தைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். மழை பெய்த சில மணி நேரத்தில் கோட்டைத் தாண்டினால் கூரையோ வெளிச்சுவரோ. மழை விட்டு ஒரு நாள் கழித்து மெல்லப் பரவினால் தளத்துக்கு அடியில் தேங்கிய தண்ணீர். சித்திரை வெயிலிலும் ஈரம் குறையவில்லை என்றால் குழாய். வருஷம் முழுக்க தரையை ஒட்டி மூன்றடிக்குள் நின்றால் மண்ணிலிருந்து ஏறும் ஓதம். இந்த நாலைப் பிரித்துவிட்டால் தேட வேண்டிய இடம் சுருங்கிவிடும்.

அறிகுறி: ஆர்சிசி சீலிங்கில் பழுப்பு வட்டம், மழைக்குப் பிறகு

வட்டம் இருக்கும் இடத்துக்கு நேர் மேலே ஓட்டை இருக்கும் என்று நம்பி அங்கே மட்டும் சிமென்ட் பூசுவது வீண். மொட்டை மாடியில் ஸ்லாப்புக்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த வெதரிங் கோர்ஸ் (ஸ்லாப்பை மழை, வெயிலிலிருந்து காக்கும் அடுக்கு), அதன் மேல் தட்டோடு. ஓட்டின் இடுக்கு வழியே இறங்கும் தண்ணீர் அந்த ஜல்லிக்குள் படுத்துக்கொண்டு, ஸ்லாப் மேலேயே நகர்ந்து போய், விரிசலோ ஒயர் போகும் குழாயோ கிடைத்த இடத்தில் இறங்கும். அதனால்தான் பல வீடுகளில் முதல் சொட்டு ஃபேன் கொக்கியில் விழுகிறது.

மாடிக்குப் போய்ப் பார்க்க வேண்டியவை இந்த வரிசையில்: மழைநீர் வடியும் வாய்; கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலை; தண்ணீர்த் தொட்டியின் கால்கள்; டிஷ் ஆன்டெனாவுக்கும் கொடிக்கம்பிக்கும் துளையிட்ட இடம்; கடைசியாக நடுத்தளம். கேடு பெரும்பாலும் முதல் இரண்டிலேயே கிடைத்துவிடும். வடிகால் வாயில் வேப்பிலைச் சருகு அடைத்து, இரண்டு விரல் உயரத்துக்குத் தண்ணீர் நின்றாலே அது கைப்பிடிச் சுவரின் அடிப்பூச்சுக்குள் புகுந்துவிடும்.

நடுத்தளத்தில் ஒரு ரூபாய்க் காசால் ஓடு ஓடாகத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல ஓடு 'டங்' என்னும், அடியில் பிடிமானம் விட்டது 'டொப்' என்னும். டொப் சத்தம் வந்த ஓடுகளைச் சுற்றிச் சாக்பீஸால் குறியுங்கள். அப்புறம் மழை இல்லாத வாரத்தில் தளத்தைக் களிமண் வரப்புக் கட்டிப் பாத்தி பாத்தியாகப் பிரித்து, தாழ்ந்த பக்கத்துப் பாத்தியிலிருந்து ஆரம்பித்து, ஒன்றில் மட்டும் ஒரு அங்குலத் தண்ணீர் நிறுத்தி ஒரு நாள் முழுக்க விட்டுக் கீழே கவனியுங்கள். எல்லாப் பாத்தியிலும் ஒரே நாளில் நிறைத்தால் எதில் ஒழுகியது என்று கடைசிவரை தெரியாது.

சரிசெய்வது: குறித்த ஓடுகளை மட்டும் பெயர்த்து, அடியில் ஜல்லி மக்கியிருந்தால் அதையும் எடுத்துப் புதிதாகப் போட்டு, இடுக்குகளைச் சுரண்டி நிரப்ப வேண்டும். 1:3 சிமென்ட் கலவையில், சிமென்ட் எடைக்குப் பத்து சதவீதம் குரூடாயில் (கச்சா எண்ணெய்) கலந்து ஓடு பதிப்பது நம் பொதுப்பணித் துறை வழக்கம். இன்றைக்கு நீர்த்தடுப்பு ரசாயனம் கலந்தும் செய்கிறார்கள். மூலைகளை நேர்கோணமாக விடாமல் சாய்வாக வளைத்துப் பூசச் சொல்லுங்கள். தளத்தின் வாட்டம் ஐந்தடிக்கு ஒரு அங்குலமாவது இருக்க வேண்டும்.

"பழசை எதுக்கு சார் ஒடைக்கணும், மேலயே இன்னொரு தளம் போட்டுடலாம்" என்று மேஸ்திரி சொல்வார். அவருக்கு அது சுலபம். இரண்டு அங்குலக் கலவையும் ஓடும் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 100 கிலோ. பத்துக்குப் பத்து அறை மேல் கிட்டத்தட்ட ஒரு டன். நாற்பது வருஷ ஸ்லாப் தலையில் அதை ஏற்ற வேண்டாம். தவிர, பழைய ஜல்லியில் இருக்கும் ஈரத்தை மேலே மூடிவிட்டால் அது கீழேதான் வரும்.

அறிகுறி: மெட்ராஸ் டெரஸில் கட்டைகளுக்கு நடுவே ஈரம், சுண்ணாம்பு உதிர்வது

இந்தக் கூரையின் அமைப்பு தெரியாதவரிடம் வேலையைக் கொடுத்துக் கெட்ட வீடுகள் ஏராளம். உத்திரத்தின் மேல் தேக்குக் கட்டைகள், அவற்றின் மேல் மெல்லிய செங்கல்லைக் குத்துவாக்கில், மூலைவாட்டில் அடுக்கிச் சுண்ணாம்புக் காரையில் பிடித்திருப்பார்கள். அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த கெட்டித் தளம். கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் தெளித்து, வரிசையாக உட்கார்ந்து கட்டையால் நாள் கணக்கில் அடித்து இறுக்கியது. மேலே தட்டோடு. வெயிலில் விரிந்து இரவில் சுருங்கி, நனைந்தால் ஈரத்தைக் குடித்து, காய்ந்தால் வெளியே விட்டு, இந்தக் கூரை எண்பது நூறு வருஷம் நின்றிருக்கிறது.

அதன் மேல் சிமென்ட் தளம் போட்டதிலிருந்துதான் பல வீடுகளில் ஒழுகல் ஆரம்பம். சிமென்ட் விறைப்பானது, கீழே இருக்கும் காரையோடு சேர்ந்து அசையாது. இரண்டு கோடையில் மயிரிழை விரிசல் விடும். அதன் வழியே மழை உள்ளே போகும், ஆனால் வெளியே ஆவியாக வழி கிடையாது. ஆகவே கட்டைதான் அதைக் குடிக்கிறது.

இங்கே சீலிங் கறையைவிட முக்கியமாகப் பார்க்க வேண்டியது கட்டை முனைகளை, அதாவது அவை சுவருக்குள் நுழையும் இடத்தை. ஏணி போட்டு ஏறி ஸ்குரூடிரைவர் முனையால் அழுத்திக் குத்துங்கள். நல்ல தேக்கு கால் அங்குலம்கூட விடாது. உளுத்தது அவல் மாதிரி உள்ளே வாங்கும், இழுத்தால் பழுப்புத் தூள் வரும். கரையான் மண்கோடு இருக்கிறதா என்றும் பாருங்கள். ஈரம் இருக்கும் இடத்தைக் கரையான் விடாது. ஒரு முனை உளுத்திருந்தாலும் முட்டுக் கொடுத்துவிட்டு, இந்தக் கூரை தெரிந்த பொறியாளரைக் கூப்பிடுங்கள். உளுத்த நீளத்தை வெட்டிவிட்டுப் பக்கவாட்டில் இரும்புச் சட்டம் கொடுத்துத் தாங்க வைக்கலாம்; முழுக் கூரையையும் இடிக்கத்தான் வேண்டும் என்பதில்லை.

இந்தக் கூரையில் தண்ணீர் நிறுத்திச் சோதனை செய்யவே கூடாது. நூறு சதுர அடியில் ஒரு அங்குலம் நின்றால் 236 லிட்டர், அதாவது அத்தனை கிலோ. உளுத்த கட்டை அதைத் தாங்கும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. பூவாளியால் சின்னச் சின்னப் பகுதியாகத் தெளித்துப் பார்த்தாலே போதும்.

மேலே சிமென்ட் பூச்சு இருந்தால் மெதுவாகக் கையால் கொத்தி எடுக்க வேண்டும். பிரேக்கர் மெஷினை மாடியில் ஏற்றவே விடாதீர்கள், அதிர்ச்சியில் செங்கல் கழன்று கீழே விழும். பழுதான இடத்தைச் சுண்ணாம்பு ஜல்லியாலேயே அடைத்து, சுண்ணாம்புக் கலவையில் தட்டோடு பதிப்பதுதான் நிரந்தரமான வழி. தெரிந்த கொத்தனார்கள் குறைவுதான். கோயில் திருப்பணியிலும் செட்டிநாட்டு வீட்டு வேலையிலும் இருப்பவர்களிடம் விசாரித்தால் கிடைப்பார்கள். கூலி கூடுதல், நாளும் ஆகும்.

அறிகுறி: பழைய கட்டடமும் புதுக் கட்டடமும் சேரும் இடத்தில் நேர்கோடாக ஈரம்

இரண்டுக்கும் அஸ்திவாரம் வேறு, அசைவு வேறு. நடுவில் விரிசல் விழுவது இயற்கை. அதைச் சிமென்டால் அடைத்தால் அடுத்த கோடையில் மறுபடி பிளக்கும். விரிசலைச் சுத்தம் செய்து, நுரைக் கயிறு திணித்து, நீண்டு சுருங்கும் பாலியூரித்தேன் சீலன்ட் நிரப்ப வேண்டும். மாடித்தளத்தில் அதற்கு மேல் ஒரு பக்கம் மட்டும் பதித்த அலுமினியத் தகடோ, மடிப்பு விட்ட சவ்வோ போட்டு மூடலாம். இரண்டு பக்கமும் ஆணி அடித்தால் தகடே கிழிந்துவிடும்.

அறிகுறி: சீலிங்கில் துருக்கோடு, கான்கிரீட் பெயர்ந்து கம்பி தெரிவது

இது ஓதப் பிரச்சினை என்ற கட்டத்தைத் தாண்டிவிட்டது. புதுக் கான்கிரீட்டின் காரத்தன்மை கம்பியைத் துருவிடாமல் காக்கும். வருஷக் கணக்கில் காற்றிலுள்ள கரியமில வாயு ஊடுருவி அந்தக் காரத்தைக் குறைக்கும். கடலோர ஊர்களில் உப்புக்காற்றும் சேர்ந்துகொள்ளும். துரு பிடித்த கம்பி பருத்து, அடியில் இருக்கும் கான்கிரீட்டைத் தள்ளிவிடும். குளியலறைக்குக் கீழே உள்ள ஸ்லாப், சன்ஷேடு, பால்கனி அடிப்பக்கம் ஆகிய மூன்றும் முதலில் போகும்.

விழுந்த இடத்தில் சும்மா சிமென்ட் அப்பினால் அது கம்பியைப் பிடிக்காது, மறுபடி தலையில் விழும். முட்டுக் கொடுத்து, உதிரும் கான்கிரீட் முழுவதையும் கொத்தி, கம்பியின் பின்பக்கமும் விரல் நுழையும்படி திறக்க வேண்டும். கம்பி பிரஷ்ஷால் துருவை உலோகம் பளிச்சென்று தெரியும்வரை எடுத்து, துருத்தடுப்பு பிரைமர், ஒட்டுப் பூச்சு, அப்புறம் பாலிமர் கலந்த சிமென்ட் கலவை என்று அடுக்கடுக்காக ஏற்ற வேண்டும். கம்பி கால்வாசிக்கு மேல் தேய்ந்திருந்தால் பக்கத்தில் புதுக் கம்பி. அறையில் பாதி சீலிங் இப்படி இருந்தால் கொத்தனாரோடு முடிக்கும் வேலை இல்லை இது. கட்டமைப்புப் பொறியாளர் பார்த்தே ஆக வேண்டும்.

அறிகுறி: தரையிலிருந்து மூன்றடிவரை உப்புப் பூத்து உதிர்வது

அதிகம் பணம் விரயமாகும் இடம் இதுதான். உப்பை விரலால் தேய்த்துப் பாருங்கள்: பஞ்சு போல, ஊசி ஊசியாக நிற்கும். மண்ணிலிருந்து ஏறும் தண்ணீர் கரைந்த உப்பையும் தூக்கிவந்து, சுவர்ப் பரப்பில் தான் மட்டும் ஆவியாகி, உப்பை விட்டுவிட்டுப் போகிறது. பூச்சின் துளைகளுக்குள் உப்பு படிகமாகி விரியும்போதுதான் பெயிண்டும் பட்டியும் செதில் செதிலாக உதிர்கின்றன. நைட்ரேட், குளோரைடு உப்புகள் காற்றிலிருந்தே ஈரத்தை இழுக்கும். ஏறும் தண்ணீர் நின்ற பிறகும் மழை நாளில் சுவர் பிசுபிசுப்பது அதனால்.

சுண்ணாம்புச் சுவரின் மேல் பூசிய சிமென்ட் பூச்சை ஓரிடத்தில் உளி வைத்துத் தட்டினால் அப்பளமாக ஒரு பெரிய பாளம் கழன்று வரும். அதன் முதுகில் பழைய காரை மணல் ஒட்டியிருக்கும், உள்ளே செங்கல் கருஞ்சிவப்பாக நனைந்து மண்வாசனை அடிக்கும். வெளியே காய்ந்த மாதிரி தெரிந்த சுவர் உள்ளே ஊறிக்கொண்டிருந்திருக்கிறது. அடிப்பகுதிக்கு டைல்ஸோ கிரானைட்டோ ஒட்டி மறைத்த வீடுகளில் கோடு மூன்றடியில் நிற்காமல் அஞ்சடிக்கு ஏறியிருப்பதைப் பார்க்கலாம். ஆவியாக வழியில்லாத தண்ணீர் மேலே ஏறித்தான் ஆகும்.

மண் ஈரம் சுவரில் ஏறாமல் அடியில் போடும் ஓதத்தடுப்பு அடுக்கு பழைய வீடுகளில் பெரும்பாலும் இருக்காது. இருந்தும் அந்தக் காலத்தில் ஓதம் இத்தனை ஏறவில்லை, ஏனென்றால் திண்ணையும் வாசலும் தெருவைவிட உயரத்தில் இருந்தன. தார் மேல் தார் போட்டுத் தெரு உயர்ந்ததில் வீடு பள்ளத்துக்குப் போய்விட்டது. பழைய தளத்தைச் சுரண்டிவிட்டுத்தான் புதுச் சாலை போட வேண்டும் என்று 2021ல் அரசு உத்தரவே வந்தது. அதற்கு முன் ஏறிய உயரம் ஏறியதுதான். முற்றத்துக்கும் கொல்லைக்கும் சுவரை ஒட்டிச் சிமென்ட் தளம் போட்டதும் இன்னொரு காரணம்: மண் வழியே ஆவியாகப் போன ஈரத்துக்கு இப்போது சுவர் மட்டும்தான் வழி.

செய்ய வேண்டியதை வெளியிலிருந்து ஆரம்பியுங்கள். சுவரை ஒட்டிய சிமென்ட் தளத்தை ஒன்றரை அடி அகலத்துக்கு உடைத்து, உள்தரையைவிட அரை அடியாவது தாழ்வாகத் தோண்டிக் கருங்கல் ஜல்லி நிரப்புங்கள். சம்ப், கழிவுநீர்த் தொட்டி, சாக்கடை எதுவும் அந்தப் பக்கம் கசிகிறதா என்று பாருங்கள். உள்ளே, ஈரக்கோட்டுக்கு ஒரு அடி மேல்வரை பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டுச் சுவரை அம்மணமாக விடுங்கள். பூக்கும் உப்பைக் காய்ந்த பிரஷ்ஷால் தேய்த்து முறத்தில் அள்ளி வெளியே கொட்ட வேண்டும். தண்ணீர் விட்டுக் கழுவினால் உப்பு கரைந்து மறுபடி உள்ளே போகும். பூத்துப் பூத்து ஓய்ந்த பிறகு ஒரு பங்கு சுண்ணாம்பு, மூன்று பங்கு மணல் கலவையில் மெல்லிய அடுக்குகளாகப் பூசி, மேலே சுண்ணாம்பு அடித்தால் சுவர் மூச்சு விடும்.

இத்தனைக்குப் பிறகும் ஏறினால்தான் ஊசி மருந்து வேலை: அடிவரிசைக் காரையில் ஐந்து அங்குலத்துக்கு ஒரு துளை போட்டுச் தண்ணீரை ஒட்டவிடாத சிலேன் வகை கிரீமைச் செலுத்தி ஓதத்தடுப்பை உண்டாக்குவது. செங்கல் சுவரில் நன்றாக வேலை செய்யும். உள்ளே மண்ணும் கல்லும் நிரப்பிய தடித்த சுவரில் அதை நம்பிப் பணம் போடாதீர்கள்.

அறிகுறி: சுவர் நடுவில் திட்டாக ஈரம், மழைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை

பின்பக்கம் குளியலறையோ சமையலறையோ இருக்கும். இரவு எல்லாக் குழாயையும் மூடி, மாடித்தொட்டியின் நீர்மட்டத்தைக் குறித்துவிட்டுப் படுங்கள். காலையில் இறங்கியிருந்தால் அழுத்தக் குழாயில் கசிவு; பழைய இரும்புக் குழாய் என்றால் வளைவிலும் இணைப்பிலும் துரு தின்றிருக்கும், ஒட்டுப்போடாமல் முழு நீளத்தையும் மாற்றிவிடுங்கள். மட்டம் இறங்கவில்லை என்றால் கழிவுப் பக்கம். குளியலறைத் தரையில் சொட்டு நீலம் கலந்த தண்ணீரை ஊற்றி, நஹானி ட்ராப்பை (தரைத்தண்ணீர் வடியும் வாயை) அடைத்துச் சில மணி நேரம் நிறுத்துங்கள். கீழே நீலம் தெரிந்தால் தரையோ ட்ராப்பைச் சுற்றிய இடமோதான். நீலம் வரவில்லை என்பதற்காக அதை விட்டுவிடவும் முடியாது. கான்கிரீட் நிறத்தை வடிகட்டிவிடும், ஈரம் கூடியதா என்பதையும் பென்சில் கோட்டில் பாருங்கள்.

ஜன்னல் மேல்மூலையிலும் கைப்பிடிச் சுவருக்குக் கீழும்

சன்ஷேடின் மேல் மண் சேர்ந்து தண்ணீர் நின்றால் ஜன்னல் தலையில் ஈரம் வரும். மண்ணை வாரி, வெளிப்பக்கம் வாட்டம் கொடுத்துப் பூசி, அடிவிளிம்பில் சொட்டு விழும் பள்ளம் இருக்கிறதா என்று பாருங்கள். கைப்பிடிச் சுவரில் அரசங்கன்று முளைத்திருந்தால் கையால் பிடுங்கி எறிவதில் பயனில்லை. வேர் காரைக்குள் ஓடியிருக்கும், அடுத்த மழையில் இரண்டாகத் துளிர்க்கும். கல்லைக் கழற்றி வேரை முழுசாக எடுத்துவிட்டுக் கட்ட வேண்டும்.

பீரோவுக்குப் பின்னால் கரும்பூஞ்சை

ஒரு அடிச் சதுரத்துக்கு அலுமினிய ஃபாயிலைச் சுவரில் நாலு பக்கமும் டேப் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். சுவர்ப் பக்கம் நீர்த்துளி என்றால் ஈரம் சுவருக்குள். அறைப் பக்கம் துளி என்றால் வெறும் காற்றோட்டக் குறைவு. பீரோவை நாலு விரல் தள்ளிப்போட்டு ஜன்னலைத் திறந்தாலே தீரும். ஏசி அறைக்கு மறுபக்கச் சுவரில் இது அதிகம்.

காய்ந்த பிறகு பெயிண்ட்

நனைந்த சுவர் ஒரு அங்குலம் காய ஒரு மாதம் என்பது பொதுக் கணக்கு. ஒன்பது அங்குலச் சுவர் இரண்டு பக்கமும் திறந்திருந்தாலே நாலைந்து மாதம் பிடிக்கும். மாசியில் ஒழுகலை நிறுத்தினால் ஆடிக்கு முன் பெயிண்டரைக் கூப்பிட வேண்டாம். ஃபேனை ஓடவிடலாம், ஹீட்டர் வைத்து அவசரமாகக் காய வைத்தால் மேல்பரப்பு மட்டும் காய்ந்து பூச்சு வெடிக்கும். சுண்ணாம்புச் சுவருக்குப் பிளாஸ்டிக் எமல்ஷன் வேண்டாம். சிமென்ட் பூச்சு, ஆர்சிசி சீலிங் என்றால் எமல்ஷன் அடிக்கலாம். ஆனால் பழைய பழுப்புக் கறை தண்ணீர் பெயிண்டைத் துளைத்துக்கொண்டு வெளியே தெரியும். அந்த வட்டத்துக்கு மட்டும் முதலில் ஆயில் பிரைமர் ஒரு கோட் கொடுத்து, அது காய்ந்த பின் மேல்பூச்சுப் போடச் சொல்லுங்கள்.